முயலுக்கு வந்த நோய் புரியவில்லையா?

வீட்டில் ஒன்றிரண்டு முயல் வளர்ப்போரும், கூண்டு கட்டிப் பத்துப் பதினைந்து வைத்திருப்போரும் கூறும் குறை ஒன்றுதான். "நேற்று மாலை வரை நன்றாகத் துள்ளி விளையாடியது, காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. என்ன நோய் என்றே தெரியவில்லை" என்கிறார்கள். ஆடு, மாடுகளின் நோய்களைப் பற்றி ஊரில் நாலு பேருக்குத் தெரியும். முயல் நோய் பற்றிக் கேட்டால் சொல்வார் இல்லை. குழந்தைகள் ஆசையுடன் வளர்த்த முயல் இப்படி இறந்து போவது வீட்டில் எல்லோரையும் வருத்தும். குட்டி விற்றுச் சிறு வருமானம் பார்ப்போருக்கோ அது நஷ்டமும் ஆகும்.

உண்மையில் முயல் திடீரென்று நோயுறுவது குறைவு. நோய் வந்ததை அது மறைத்து வைக்கிறது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகிற பிராணி ஆகையால், தன் பலவீனத்தை வெளியே காட்டாதிருப்பது அதன் இயல்பு. வலி இருந்தாலும் கத்தாது. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து கொள்ளும். நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்கள் கடந்திருக்கும். ஆனால் முயல் மறைத்தாலும் அதன் புழுக்கையும் தீனித் தட்டும் மறைப்பதில்லை. இவ்விரண்டையும் தினமும் கவனித்து வந்தால், புரியாத நோய்களில் பெரும்பாலானவற்றின் நுனி கையில் கிடைத்துவிடும்.

முதலில் மூன்று கேள்விகள்

முயலுக்கு உடல்நலம் கெட்டதும் மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன், மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

எத்தனை முயல்களுக்கு நோய்? எல்லா முயல்களும் ஒரே சமயத்தில் சோர்ந்தால் தீவனம், தண்ணீர், வெயில் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த கீரை, பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கு அல்லது மக்காச்சோளம் ஆகியவை காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு முயல் மட்டும் மெலிந்தால் பல், அடிபட்ட காயம், கருப்பை போன்ற அதன் சொந்த உடற்கோளாறாக இருக்கக்கூடும்.

வயது என்ன? தாயிடமிருந்து பிரித்த ஒன்று முதல் மூன்று மாதக் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வயிறு ஊதிக் கழிந்து இறந்தால், காக்சிடியா எனும் குடல் ஒட்டுண்ணி நோயை முதலில் நினைக்க வேண்டும். மூன்று நான்கு வயதான பெட்டை மெலிந்தால் கருப்பைக் கட்டியையும் நினைக்க வேண்டும்.

சமீபத்தில் என்ன மாற்றம் செய்தோம்? புதிய தீவனம், புதிய முயல், இடமாற்றம், நாய் குரைத்த அச்சம், கடும் வெயில் ஆகிய எல்லாம் முயலின் குடலைப் பாதிக்கும்.

புழுக்கை சொல்லும் செய்தி

முயலின் ஜீரண முறை ஆட்டினுடையதைப் போன்றதன்று. அது அசை போடாது. வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பைக்குச் சென்றது முன்னோக்கியே போக வேண்டும். சிறுகுடலைக் கடந்து, 'சீக்கம்' எனப்படும் பெரிய பை போன்ற குடற்பகுதியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கின்றன. இந்த நுண்ணுயிர்கள் நலமாக இருந்தால்தான் முயலும் நலமாக இருக்கும்.

முயல் இரண்டு வகைப் புழுக்கை இடும். ஒன்று உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் நார் தெரியும் சாதாரணப் புழுக்கை. மற்றொன்று கருமையாக, மிருதுவாக, பளபளப்புடன் சிறு திராட்சைக் கொத்தைப்போல் இருக்கும். இதைப் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் முயல் தன் ஆசன வாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்றுவிடும். இதில் புரதமும் பி வகை வைட்டமின்களும் உள்ளன. "முயல் தன் கழிவைத் தின்கிறதே, ஏதோ நோய்" என்று பலர் பயப்படுகிறார்கள். இது நோயன்று, இயற்கை.

இந்த மிருதுவான புழுக்கை தின்னப்படாமல் கூண்டில் கிடந்தாலோ, பின்புறத்து ரோமத்தில் அப்பியிருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அடர்தீவனமும் இனிப்பான காய்கனியும் அதிகமாகி நார்ச்சத்து குறைந்தால் இப்படி ஆகும். உடல் பருத்து, குனிந்து எடுக்க முடியாத முயலுக்கும் இது நேரும். இதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கிறார்கள். தேவை மருந்தல்ல, அடர்தீவனத்தைக் குறைத்துப் புல்லை அதிகமாக்க வேண்டும்.

புழுக்கை நாளுக்கு நாள் சிறுத்து வந்தால் முயல் குறைவாகத் தின்கிறது என்று பொருள். புழுக்கைகள் ரோமத்தால் மணி கோத்ததுபோல் தொடர்ந்து வந்தால், ரோமம் அதிகமாக உள்ளே போகிறது. நார்த்தீனி அதிகம் தேவை. நீர்போல் கழிவது எந்த வயதிலும் ஆபத்து. குட்டிகளுக்கு ஒரே நாளில் உயிர் போகலாம். புழுக்கை அறவே நின்றுவிட்டால் அது அவசர நிலை.

தீனி மறுக்கும் முயல்

முயல் வளர்ப்போரை அதிகம் ஏமாற்றுவது இந்த நிலைதான். முயல் தீனி எடுக்காது, ஒடுங்கி உட்காரும், பல்லை நறநறவென்று கடிக்கும். தடவிக் கொடுக்கும்போது மெல்லப் பல் கடிப்பது சுகத்தின் அடையாளம். ஒடுங்கியிருந்து உரக்கக் கடிப்பது வலியின் அடையாளம்.

குடல் அசைவு நின்று போவதே இதன் உட்பொருள். நார்ச்சத்துக் குறைவு, தண்ணீர் போதாமை, அச்சம், வேறெங்கோ இருக்கும் வலி ஆகியவற்றால் குடல் தளர்கிறது. குடல் தளர்ந்ததால் முயல் தின்னாது. தின்னாததால் குடல் இன்னும் தளரும். நாய், பூனை ஒரு நாள் பட்டினி கிடந்தால் பயமில்லை. முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

அப்போது வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வயிறு மத்தளம்போல் விறைத்து ஊதியிருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். வாயில் எதையும் புகட்டாமல், வயிற்றை அழுத்தாமல் உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். வயிறு மிருதுவாக இருந்தால் அமைதியான இடத்தில் வைத்து, சுத்தமான தண்ணீரும் கொத்தமல்லித் தழை, அருகம்புல் போன்ற வாசனையுள்ள பசுமையும் முன்னால் வைக்கலாம். காதுகள் சில்லிட்டிருந்தால் கோணித் துணி விரித்துக் கதகதப்பாக வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் தின்னத் தொடங்காவிட்டால் டாக்டரை நாடுவதே சரி. அவர் நீர்ச்சத்து ஏற்றி, வலிக்கும் குடல் அசைவுக்கும் மருந்து கொடுப்பார்.

முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி சென்டிகிரேட் வரை இருப்பது இயல்பு. நம் கைக்குச் சுடுவதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்துவிடக் கூடாது. நோயுற்ற முயலுக்கு வெப்பம் 38 டிகிரிக்குக் கீழே இறங்குவதுதான் அதிக அபாயமானது.

கண்ணில் நீர், நோயோ பல்லில்

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. நாருள்ள புல்லை மென்று தேய்த்தால்தான் அளவாக இருக்கும். தவிடும் குருணையும் காரட்டும் மட்டும் தின்னும் முயலுக்குப் பற்கள் தேயாமல் நீண்டு, கடைவாய்ப் பற்களில் கூர்முனை ஏற்பட்டு, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும்.

இந்நோயின் அடையாளங்கள் விசித்திரமானவை. முயல் பசியுடன் தட்டுக்கு ஓடி வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். மோவாய் நனைந்திருக்கும். மேல் பற்களின் வேர் கண்ணீர்க் குழாயை நெருக்குவதால் ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீரோ சீழோ வடியும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விட்டுச் சலித்தவர்கள், பல்லையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நீண்ட முன்பல்லை நகவெட்டியால் வெட்டினால் பல் நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் பிடிக்கும். அதை டாக்டரே தேய்த்துச் சீராக்க வேண்டும்.

சிவப்புச் சிறுநீர்

கூண்டின் அடியில் சிவப்பாகக் கண்டதும் ரத்தம் என்று பதறுவோர் பலர். சில இலைதழைகளைத் தின்ற பின் முயலின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்திலோ செந்நிறத்திலோ இறங்கும். நிறம் முழுவதும் ஒரே சீராக இருந்து, முயலும் சுறுசுறுப்பாக இருந்தால், தீனியை மாற்றிப் பாருங்கள்; ஓரிரு நாளில் மாறிவிடும். பால்போல் கலங்கலாக இறங்குவதும் பெரும்பாலும் இயல்பே. முயல் தன் உடலில் மிகுதியான சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறது.

ஆனால் சிவப்பு திட்டுத் திட்டாகவோ கட்டியாகவோ இருந்தாலும், முயல் முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலும், பசைபோல் வெண்படிவு வந்தாலும் சோதிக்க வேண்டும். வயது முதிர்ந்த பெட்டைகளுக்குக் கருப்பையில் புற்றுநோய் வருவது சாதாரணம். அதன் முதல் அறிகுறி இந்த ரத்தமே. குட்டிக்காக வளர்க்காத பெட்டைகளுக்கு இளமையிலேயே கருப்பையை நீக்கிவிடுவது இதற்குச் சிறந்த தடுப்பு. முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழக்கமுள்ள டாக்டரிடமே இதைச் செய்ய வேண்டும்.

ரோமம் உதிர்வதேன்?

ரோமம் உதிர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. பருவந்தோறும் பழைய ரோமம் உதிர்ந்து புதியது முளைக்கும், தோல் சுத்தமாக இருக்கும், இது நோயன்று. பெட்டை முயல் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கிப் படுக்கை அமைத்தால் குட்டி போடப் போகிறது என்று பொருள். சினைக்காலம் 30 முதல் 32 நாள். ஆண் சேராமலே சில பெட்டைகள் இவ்வாறு செய்யும். அது பொய்ச்சினை, இரண்டு மூன்று வாரத்துக்குள் தானே சரியாகிவிடும்.

சூபாபுல் எனப்படும் சவுண்டல் தழையை அதிகமாகப் போட்டாலும் ரோமம் கொட்டும். அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இதற்குக் காரணம். ஆட்டின் வயிற்றில் இதை முறிக்கும் நுண்ணுயிர்கள் வாழ இடமுண்டு. முயலுக்கு அந்த வசதி இல்லை. எனவே சூபாபுல்லை மற்றத் தழைகளுடன் சிறிதளவே சேர்க்க வேண்டும். ரோமம் கொட்டத் தொடங்கியதும் அறவே நிறுத்திவிடுங்கள்.

காதின் உட்புறம், மூக்கு, பாதம் ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டி, முயல் ஓயாமல் சொறிந்தால் அது சொறிப்பூச்சி. காதில் அடையடையாகப் படிந்திருக்கும் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. தாங்க முடியாத வலி உண்டாகும். டாக்டர் ஐவர்மெக்டின் மருந்தை எடைக்குத் தக்கபடி கொடுத்து, 10 முதல் 14 நாளில் மறுமுறையும் கொடுப்பார். பொருக்கு தானே உதிர்ந்துவிடும். ஒன்றுக்கு வந்தால் உடனிருக்கும் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை. கூண்டையும் சுத்தம் செய்ய வேண்டும்.

தலை சாய்வதும் கால் இழுப்பதும்

முயலின் தலை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து, அது வட்டமாகச் சுற்றி உருள்வதைப் பார்த்தால் யாருக்கும் திகிலாக இருக்கும். இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உட்காதில் சீழ் பிடித்தல். மற்றொன்று, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் 'என்செபாலிட்டோசூன்' என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. இது நோயுற்ற முயலின் சிறுநீர் மூலம் பரவுகிறது. இதற்குப் பென்பெண்டசோல் மருந்தை 28 நாட்கள் தொடர்ந்து கொடுப்பது வழக்கம். இந்த முயலை இனி பயனில்லை என்று கைவிட வேண்டாம். உருண்டு அடிபடாமல் பக்கங்களில் துணி வைத்த பெட்டியில் விட்டு, தீனியையும் தண்ணீரையும் வாய்க்கு எட்டும்படி கொடுத்து வந்தால் பல முயல்கள் தேறுகின்றன. தலை சற்றுச் சாய்ந்தே நின்றுவிட்டாலும் நன்றாக வாழும்.

பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் முதுகெலும்பு முறிவைச் சந்தேகிக்க வேண்டும். முயலின் எலும்பு மெல்லியது. பின்னங்கால் தசையோ பலமானது. காதையோ கழுத்தையோ மட்டும் பிடித்துத் தூக்கும்போது அது உதைக்கிற உதையே அதன் முதுகை முறித்துவிடும். ஒரு கையால் மார்பையும் மறுகையால் பின்புறத்தையும் தாங்கித் தூக்கக் குழந்தைகளுக்கும் கற்றுக் கொடுங்கள்.

வெயிலும் முயலும்

முயலுக்கு வியர்க்காது; காதுகளின் வழியாகவே சூட்டைப் பெரிதும் வெளிவிடுகிறது. அதனால்தான் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் போன்ற குளிர்ந்த இடங்களில் முயல் செழிக்கிறது. சமவெளியில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மூச்சிரைத்து, மூக்கு நனைந்து, முயல் நீட்டிப் படுத்துவிடும். காதுகளைக் குளிர்ந்த நீரால் துடைத்து நிழலுக்கு மாற்றுங்கள். பனிக்கட்டி நீரில் முக்க வேண்டாம். கூண்டைச் சுற்றி நனைத்த கோணி கட்டுவதும், உள்ளே ஈரமான மண் ஓடு வைப்பதும் நல்ல பலன் தரும்.

கோடையில் பெட்டைகள் சினை பிடிக்காதது பலருக்கும் புதிர். குறை பெரும்பாலும் ஆணிடம் இருக்கும். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் ஆண் முயலின் விந்து தற்காலிகமாகப் பலன் இழக்கும். வெயில் தணிந்து ஓரிரு மாதத்தில் மீளும். ஆகவே நல்ல கிடாயை மலடு என்று தள்ளிவிட வேண்டாம்.

"முயலுக்குத் தண்ணீர் கூடாது" என்று கூறுவது தவறு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லி வரை தண்ணீர் தேவை; வெயிலிலும் பால் கொடுக்கும் காலத்திலும் இன்னும் அதிகம்.

தாய் பால் கொடுக்கவில்லையா?

பகலெல்லாம் தாய் குட்டிகளிடம் போகவில்லை என்று பயந்து, பசும்பால் புகட்டிக் குட்டிகளைக் கொன்றுவிடுவோர் உண்டு. தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் பால் கொடுக்கும். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டு புடைத்திருந்தால் பால் குடித்துவிட்டன என்று அறியலாம். வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தால் மட்டுமே தாயைப் பிடித்து வைத்துப் பால் ஊட்ட வேண்டும்.

கை வைத்தியம் எச்சரிக்கை

வீட்டில் மீதியிருக்கும் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது முயல் சாவுக்கு ஒரு பெரிய காரணம். ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லிங்கோமைசின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாட்களில் கழிந்து சாகும். மனிதருக்கும் நாய்க்கும் ஏற்ற மருந்து முயலுக்கு விஷமாவது இவ்வாறுதான். அதேபோல் நாய்க்கு உண்ணி போக விடும் பிப்ரோனில் மருந்தை முயல் மேல் ஒருபோதும் விடக் கூடாது.

தினசரி வேலை என்ன?

தீனியில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். அருகம்புல், கினியாப்புல், கம்பு நேப்பியர் ஆகியவற்றுடன் வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழையை அளவோடு சேர்க்கலாம். குட்டி ஈனாத வளர்ந்த முயலுக்கு அடர்தீவனம் ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் போதும். எந்தப் புதிய தீனியையும் ஒரு வாரம், பத்து நாளில் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும்படி கம்பிவலைத் தரை அமைத்தால் காக்சிடியா குறையும். உட்காரப் பலகைத் துண்டு ஒன்று போட்டால் பாதப் புண் வராது. சிறுநீர் நெடி மூக்கைத் துளைத்தால் முயலுக்கு ஓயாத சளியும் தும்மலும் வரும். மழைக்காலத்தில் தினமும் பின்புறத்தைப் பாருங்கள். அசுத்தமான ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையை நோட்டில் குறித்து வாருங்கள். வெளியே எதுவும் தெரியாதபோதே எடை குறைவது நோயைக் காட்டிக் கொடுக்கும்.

டாக்டரிடம் போகும்போது அன்றைய புழுக்கையை ஒரு டப்பாவிலும், தின்ற தீனியில் ஒரு பிடியையும் கொண்டு செல்லுங்கள். கடைசியாக எப்போது தின்றது, வயது என்ன, எப்போது குட்டி போட்டது என்பதையும் சொல்லுங்கள். நடையில் கோளாறு இருந்தால் செல்போனில் படமெடுத்துக் காட்டலாம். உள்ளூரில் வழியில்லாவிட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். பல முயல் வைத்திருப்போர், ஒன்று காரணம் தெரியாமல் இறந்தால் உடனே புதைத்துவிடாமல், பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்துப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இறந்ததன் காரணம் தெரிந்தால் மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

தினமும் காலையில் தீனி போடுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டு, தட்டில் மிச்சம் எவ்வளவு, தரையில் புழுக்கை எப்படி என்று பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. அந்தப் பழக்கம் இருந்தால், நோய் முற்றுமுன்பே முயலை டாக்டரிடம் சேர்த்துவிடலாம்.